எல்லாத் தீமைக்கும் வேர் எது? ஓர் ஆங்கிலப் பழமொழியில் நாம் செய்யும் தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பள்ளிகளில் பேச்சுப் போட்டி என்றால் ‘பணமா, குணமா’ என்ற தலைப்புக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு. குணத்தின் பக்கம் பேச வரும் பிள்ளை பாதி வழியில் குரலை உயர்த்தி, ‘மனி ஈஸ் தி ரூட் ஆஃப் ஆல் ஈவில்’ என்று ஓர் ஆங்கில வரியைச் சொல்லும். உடனே தமிழிலும் சொல்லும்: ‘பணம்தான் எல்லாத் தீமைக்கும் வேர் என்று பைபிளே சொல்கிறது.’ கைதட்டல் விழும். எழுதிக் கொடுத்த ஆசிரியரும் தட்டுவார், நடுவரும் மதிப்பெண் போடுவார்.

பைபிள் அப்படிச் சொல்லவில்லை. சொன்னதில் முக்கியமான பகுதியைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். வேறு ஊரில் இது சின்ன மேற்கோள் பிழையாகப் போய்விடலாம். செட்டிநாட்டில் அப்படி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இங்கே பலருக்குப் பணமே பரம்பரைத் தொழில். ஐயா (தாத்தா) ரங்கூன் வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது உதவியாளராக, இருந்தவர், அப்பச்சி (அப்பா) பைனான்ஸ் நடத்துகிறவர் என்று இருக்கும் வீட்டுப் பிள்ளை, பணமே தீமையின் வேர் என்று மேடையில் மனப்பாடமாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறது. அந்தப் பிள்ளை தன் வீட்டுத் தொழிலைப் பற்றி என்ன முடிவுக்கு வரும்? ஒன்று, குடும்பமே பாவத்தில் நிற்கிறது என்று கூசிப்போகும். இல்லையென்றால், மேடையில் பேசுவது மேடைக்கு மட்டும்தான் என்று கற்றுக்கொள்ளும். இரண்டுமே கெடுதல். அதனால் இந்தப் பழமொழியை எங்கெங்கே தவறாகப் பிடிக்கிறோம் என்று கொஞ்சம் விரிவாகவே பார்த்துவிடலாம்.

விட்டுப்போன சொல்

முதல் தவறுதான் பெரிய தவறு. மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

புதிய ஏற்பாட்டில், பவுல் தன் சீடர் தீமோத்தேயுவுக்கு எழுதியதாக வழங்கும் முதல் கடிதம், 6ஆம் அதிகாரம், 10ஆம் வசனம். 1611இல் வெளிவந்த ஆங்கில பைபிளில் அது ‘தி லவ் ஆஃப் மனி ஈஸ் தி ரூட் ஆஃப் ஆல் ஈவில்’ என்று இருக்கிறது. முன்னால் இருக்கும் ‘தி லவ் ஆஃப்’ வாய்மொழியில் உதிர்ந்துபோய், பணம் மட்டும் தனியாகக் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. தமிழ் பைபிளில் இந்த வசனம் தெளிவாகவே இருக்கிறது: ‘பண ஆசை எல்லாத் தீமைக்கும் வேராயிருக்கிறது.’ தேவகோட்டைப் பக்கம் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பங்களைக் கேட்டால் இப்படித்தான் சொல்வார்கள். தமிழில் சரியாக இருக்கும் ஒன்றை விட்டுவிட்டு, ஆங்கிலத்தில் தேய்ந்துபோன வடிவத்தை எடுத்து, அதை மறுபடியும் தமிழாக்கி, ‘பைபிளே சொல்கிறது’ என்கிறோம்.

மூலம் கிரேக்கம். அங்கே இருக்கும் சொல் ‘ஃபிலார்குரியா’, அதாவது வெள்ளியின் மேல் உள்ள பற்று. ஐரோப்பா பல நூற்றாண்டு காலம் படித்த லத்தீன் மொழிபெயர்ப்பில் பணம் என்ற சொல்லே கிடையாது. ‘குபிடிடாஸ்’ என்றுதான் இருக்கிறது, வெறும் பேராசை. ஆக எந்த மொழியில் பார்த்தாலும் குற்றம் மனிதனின் மனத்தின் மேல்தான் வைக்கப்படுகிறது. பெட்டிக்குள் இருக்கும் நாணயத்தின் மேல் யாரும் வைக்கவில்லை.

அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த ஊரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தீமோத்தேயு அப்போது எபேசு நகரில் இருந்தார் என்று கடிதத்தின் தொடக்கமே சொல்கிறது. எபேசு ஒரு துறைமுக வணிக நகரம். ஆர்தெமிஸ் கோயிலைச் சுற்றி வெள்ளித் தட்டார்கள் பெரிய வியாபாரம் நடத்தியதும், பவுலின் போதனையால் தங்கள் வருமானம் போய்விடும் என்று அவர்கள் கூட்டம் கூட்டிக் கலகம் செய்ததும் அதே புதிய ஏற்பாட்டில் வருகிறது. அப்படிப்பட்ட ஊரில், வாங்கி விற்றுப் பிழைக்கும் மக்கள் நடுவில் இருந்த ஒருவருக்கு எழுதிய வரி இது. வணிகத்தை மூடிவிட்டு வாருங்கள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. அதே அதிகாரத்தின் பிற்பகுதியில் பணக்காரர்களுக்கென்றே புத்திமதி இருக்கிறது: இறுமாப்பு கொள்ளாதீர்கள், நிலையில்லாத செல்வத்தை நம்பாதீர்கள், தாராளமாகக் கொடுங்கள், நற்செயலில் செல்வந்தர்களாக இருங்கள். பணமே தீமையின் வேர் என்றால் அதைத் தாராளமாக அடுத்தவருக்குக் கொடு என்று எப்படிச் சொல்ல முடியும்? தீமையை அல்லவா பங்கு வைத்ததாக ஆகிவிடும்!

இந்தக் கருத்து பவுலின் கடிதத்தோடு பிறந்ததும் அல்ல. ‘பண ஆசை எல்லாத் தீமைக்கும் தாய்நகரம்’ என்று கிரேக்க ஞானி டயோஜெனிஸ் சொன்னதாகப் பழைய குறிப்பு உண்டு. அவர் கிறிஸ்து பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் முந்தியவர். அங்கேயும் ‘ஆசை’ இருக்கிறது.

சொல் உதிர்ந்தால் என்ன, கருத்து ஏறக்குறைய ஒன்றுதானே என்று சிலர் கேட்பார்கள். ஒன்றே இல்லை. ‘பணம் வந்து அண்ணன் தம்பியைப் பிரித்துவிட்டது’ என்று சொல்லும்போது அண்ணனும் தப்பித்துக்கொள்கிறார், தம்பியும் தப்பித்துக்கொள்கிறார். பணத்தைக் கூப்பிட்டு நியாயம் கேட்க முடியாது. ‘பண ஆசை பிரித்துவிட்டது’ என்று சொன்னால் யாருடைய ஆசை என்ற கேள்வி உடனே எழும். அந்தக் கேள்வியைக் கேட்க வைப்பதற்காகவே சொல்லப்பட்ட வாக்கியம் இது. குறுக்கிச் சொல்லும்போது அந்தக் கேள்வியே செத்துப்போகிறது.

பட்டினத்தாரையும் இப்படித்தான் குறைத்துவிட்டோம்

இந்தப் பழமொழியைத் தமிழில் விளக்குகிறவர்கள் கையோடு பட்டினத்தாரை அழைத்து வருவார்கள். அழைக்க வேண்டியதுதான். அவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) மரபும் தங்கள் முன்னோர் ஊர் அதுதான் என்கிறது. அவர் வாக்குக்கு இந்தப் பக்கத்தில் தனி மரியாதை. ஆனால் மேடையில் வருவது ‘காதற்ற ஊசியும் வாராது காண் கடைவழிக்கே’ என்ற கடைசி அடி மட்டும். போகும்போது ஒன்றும் வராது, அதனால் பணம் வீண் என்று முடித்துவிடுகிறார்கள்.

அதற்கு முந்திய அடியைப் படித்துப் பாருங்கள். ‘தீதுற்ற செல்வமென், தேடிப் புதைத்த திரவியமென்’ என்கிறார். எந்தச் செல்வத்தைக் கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள். தீது சேர்ந்த செல்வம். தேடித் தேடி மண்ணில் புதைத்த திரவியம். ஒன்று வந்த வழி கெட்டது, மற்றொன்று யாருக்கும் போகாமல் கிடந்தது. நேர்வழியில் வந்து நாலு பேருக்குப் பயன்பட்ட பணத்தை அந்த அடி குற்றம் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் முதல் இரண்டு மூன்று சொற்களை விட்டோம். பட்டினத்தாரில் ஒரு முழு அடியை விட்டோம். இரண்டு இடத்திலும் உதிர்ந்தது எது கெட்டது என்பதைச் சொல்லும் பகுதிதான். எனக்கு இது வெறும் மறதியாகத் தோன்றவில்லை. நம்மை நோக்கி விரல் நீட்டும் பகுதியை விட்டுவிட்டு, பொதுவாகத் தத்துவம் போல ஒலிக்கும் பகுதியை வைத்துக்கொள்வது மனத்துக்கு வசதி.

வள்ளுவரும் இதே கோட்டில்தான் நிற்கிறார். ‘அறன்ஈனும் இன்பமும் ஈனும் திறனறிந்து தீதின்றி வந்த பொருள்’ என்கிறார். தீது இல்லாமல் வந்த பொருள் அறத்தையே பெற்றுத் தருமாம். அவரே வேறோர் அதிகாரத்தில், எல்லா உயிர்க்கும் ஓயாத பிறவியைத் தரும் விதை அவா என்கிறார். அங்கே வேர், இங்கே விதை. பொருளுக்கு ஒரு பேச்சு, ஆசைக்கு ஒரு பேச்சு என்று தனித்தனியாக வைத்தவர் அவர். ‘திரைகடலோடியும் திரவியம் தேடு’ என்ற ஔவை வாக்கையும் இந்த ஆங்கிலப் பழமொழியையும் எதிரெதிர் அணியில் நிறுத்திப் பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் இதைக் கவனிப்பது நல்லது. பழமொழியை முழுதாகச் சொன்னால் இரண்டுக்கும் சண்டையே இல்லை.

பெரிய வீட்டைப் பார்த்தவுடன் சொல்வது

கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று சுற்றிப் பார்க்க வருகிறவர்கள், பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் முகப்பில் நின்று இந்த வரியைச் சொல்வதைக் கேட்டிருக்கலாம். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, இரண்டு தெருவுக்கு நீளும் வளவு (முற்றத்தைச் சுற்றிய உள்வீடு). எல்லாம் இருந்தும் உள்ளே விளக்கேற்ற ஆள் இல்லை. ‘பணம்தான் எல்லாத்துக்கும் காரணம், பங்காளிச் சண்டையில் வீடே போய்விட்டது’ என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

சில வீடுகளில் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அங்கே நடந்திருப்பது வேறு. வீடு ஒரே பாட்டனாரின் வழியில் வந்தவர்களுக்குப் பொது. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியையும் ஒரு புள்ளியாகக் கணக்கிடுவது இங்கே வழக்கம். தலைமுறை ஏற ஏறப் புள்ளிகள் பெருகும். ஒரு வீட்டுக்குப் பத்து, இருபது, அதற்கு மேலும் பங்குக்காரர்கள் வந்துவிடுவார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்ற வேண்டும் என்றால் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும், எல்லோரும் பங்கு போட வேண்டும். ஒருவருக்கு வசதி இருக்காது, ஒருவருக்கு நேரம் இருக்காது. கூரை ஒழுகும். ஒழுகும் வீட்டைக் காக்கப் பணம் போதாமல்தான் பல இடங்களில் தூணும் கதவும் கழன்று காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன.

இதில் பணத்தின் மேல் பற்று எங்கே இருக்கிறது? பல வீடுகளில் வீட்டின் மேல் இருக்கும் பற்றினால்தான் விற்காமல் பூட்டி வைத்திருக்கிறார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்றால் எல்லாப் புள்ளியும் வந்து கூடுகிறது. சாவியை ஒருவர் கையில் கொடுத்து, விளக்குப் போடச் சம்பளத்துக்கு ஆள் வைத்து, வருஷா வருஷம் செலவை முறை வைத்துப் பிரித்துக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பழமொழியைத் தவறாகப் பிடித்துக்கொண்டு இத்தனை பேரையும் ஒரே வரியில் பேராசைக்காரர்கள் ஆக்குவது அநியாயம்.

‘எல்லா’ என்ற சொல்லில் தொங்குவது

பண ஆசை என்று சரியாகச் சொல்லப் பழகியவர்கள்கூட அடுத்த தவறில் விழுவது உண்டு. உலகத்தில் நடக்கும் ஒவ்வொரு கேட்டுக்கும் பேராசை ஒன்றே காரணம் என்று எடுத்துக்கொள்வது.

கிரேக்க மூலத்தில் வேர் என்ற சொல்லுக்கு முன்னால் ஆங்கிலத்தின் ‘தி’ போன்ற ஒரு சொல் இல்லை. ‘வேர்’ என்றும் எடுக்கலாம், ‘ஒரு வேர்’ என்றும் எடுக்கலாம், இலக்கணம் இரண்டுக்கும் இடம் தருகிறது. 1881இல் வந்த திருத்திய ஆங்கிலப் பதிப்பு ‘எல்லாவிதமான தீமைகளுக்கும் ஒரு வேர்’ என்று பொருள்படும்படி மாற்றிவிட்டது. பின்னால் வந்த பல பதிப்புகளும் அதைப் பின்பற்றின. எனக்கும் இந்தப் பொருளே ஏற்றது என்று படுகிறது. பொறாமையால் நடக்கும் கொலை உண்டு, சாதித் திமிரால் நடக்கும் கொடுமை உண்டு, வெறும் அறியாமையால் வரும் கேடும் உண்டு. எல்லாவற்றையும் காசில் கொண்டுபோய்க் கட்டினால் எதையும் சரியாகப் பார்க்க முடியாது.

இதற்குச் செட்டிநாட்டுக்கு மிக நெருக்கமான ஓர் உதாரணம் பர்மா. கீழ்ப் பர்மாவின் நெல் விளையும் மாவட்டங்களில் பர்மிய விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவர்களில் நகரத்தார் முக்கியமானவர்கள். நிலம்தான் அடமானம். ஆனால் நிலத்தை எடுத்துக்கொள்வது வட்டிக்கடைக்காரருக்கு ஆதாயம் இல்லை. அவருக்குப் பணம் சுழல வேண்டும். கையில் இருப்பதில் சொந்த முதலும் உண்டு, மற்றவர் போட்ட மேம்பணமும் உண்டு, பேங்கில் வாங்கிய கடனும் உண்டு. அதற்கெல்லாம் அவர் வட்டி கட்டியாக வேண்டும். நிலம் கைக்கு வந்தால் பணம் மண்ணில் முடங்கிவிடும்.

1930இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது நெல் விலை பாதியாக விழுந்தது. விவசாயியால் கடனைக் கட்ட முடியவில்லை. அந்த 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் பெயரில் இருந்தது. 1937 வாக்கில் அது 25 சதவீதம் ஆகிவிட்டது. நிலம் இழந்த பர்மியர்களின் கோபம் நியாயமான கோபம். தலைமுறையாக உழுத நிலம் கடல் தாண்டி வந்தவர் பெயருக்குப் போனால் யாருக்குத்தான் பொறுக்கும்? வாங்கிய வட்டி எல்லாம் நியாயமானது என்று நான் வாதாடவும் வரவில்லை. அப்புறம் போர் வந்தது. 1942இல் ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது, நம்மவர்கள் பேரேட்டையும் பத்திரத்தையும் சுமந்துகொண்டு தப்பி வந்தார்கள். பலர் மலைக்காட்டு வழியில் நடந்தே வந்தார்கள். 1948இல் பர்மா விடுதலை அடைந்து நிலங்களை அரசுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது.

இந்தக் கதை முழுவதையும் ‘பணமே வேர்’ என்று மூடிவிடுகிறவர் நெல் விலைச் சரிவைப் பார்ப்பதில்லை, அடமானச் சட்டத்தைப் பார்ப்பதில்லை, குடியேற்ற ஆட்சியையும் போரையும் பார்ப்பதில்லை. ‘செட்டியாரின் பேராசைதான் வேர்’ என்று மூடுகிறவரும் அதையேதான் செய்கிறார். ஆசைக்கும் அதில் ஒரு பங்கு இருந்திருக்கும். ஒரு வேர் என்று பொருள் கொண்டால் அந்தப் பங்கை ஒப்புக்கொண்டு மற்ற வேர்களையும் தோண்டிப் பார்க்க இடம் கிடைக்கிறது.

பணக்காரனுக்கு மட்டும் சொன்னது என்று நினைப்பது

இது நயமாக நுழைந்துவிடும் தவறு. என்னிடம்தான் ஒன்றும் இல்லையே, இந்தப் பழமொழி எனக்கு எதற்கு என்று இல்லாதவர் நகர்ந்துவிடுகிறார். 10ஆம் வசனத்துக்கு முந்திய வசனத்தைப் பார்த்தால் அது ‘ஐசுவரியவான்களாக விரும்புகிறவர்கள்’ என்று தொடங்குகிறது. இருப்பவரை விட, ஆக வேண்டும் என்று துடிப்பவரைப் பார்த்துச் சொல்வது அது. காசே இல்லாதவருக்கும் அந்தத் துடிப்பு வரலாம், கோடி இருப்பவருக்கு அது இல்லாமலும் இருக்கலாம்.

போட்ட பணத்துக்கு மாதம் பத்து சதவீதம் தருகிறோம் என்று சொல்லிச் சீட்டும் திட்டமும் நடத்திவிட்டு ஓடுகிறவர்கள் இந்த ஆசையைத்தான் முதலாக வைத்துக் கடை திறக்கிறார்கள். பழைய வட்டிக்கடையில் பழகியவர்கள் இப்படிப்பட்ட அழைப்பைக் கேட்டால் முதலில் ஒன்று கேட்பார்கள்: அந்த வட்டியை அவன் கொடுக்க வேண்டுமானால் அதற்கு மேல் சம்பாதிக்க வேண்டும், அப்படிச் சம்பாதிக்கும் தொழில் எது? அதற்குப் பதில் வராவிட்டால் பணம் பெட்டியை விட்டு நகராது. பணத்தோடு தினமும் பழகியதால் வந்த நிதானம் அது. பணத்தைத் தீட்டு என்று தள்ளி வைப்பதால் அந்த நிதானம் வராது. பிள்ளைகளுக்கு வட்டிக் கணக்கும் ஐந்தொகையும் (வரவு செலவு, இருப்புக் கணக்கு) சொல்லிக் கொடுக்கிற வீட்டில் இந்த மோசடிகள் எளிதாக நுழைவதில்லை என்பது என் எண்ணம்.

நகையை அடகு வைத்து அதில் போட்டு ஏமாந்தவர் எல்லோரையும் பேராசைக்காரர் என்று பழிப்பதும் சரியில்லை. மகள் கல்யாணத்துக்கு வழி தெரியாமல் போட்டவர் உண்டு, பக்கத்து வீட்டுக்காரர் பேச்சை நம்பிப் போட்டவர் உண்டு. தேவைக்கும் ஆசைக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. உண்ணவும் உடுக்கவும் இருந்தால் போதும் என்றிருப்போம் என்று அந்தக் கடிதம் அந்தக் கோட்டைக் கொஞ்சம் கடுமையாகவே கிழிக்கிறது. குடும்பம் நடத்துகிறவர்கள் அதைச் சற்றுத் தள்ளித்தான் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். எங்கே போட்டாலும், ஏமாற்றியவனின் ஆசையையும் ஏமாந்தவரின் தேவையையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

அதே போல, இல்லாமையே தூய்மை என்று நினைப்பதும் இந்தப் பழமொழியைக் கேட்டு வருகிற மயக்கம்தான். கோட்டையூரில் 1909இல் பிறந்த அழகப்பச் செட்டியார் பல தொழில்களில் ஈட்டிய பணத்தில்தான் காரைக்குடியில் கல்லூரிகள் எழுந்தன. மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அவர் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். அதற்கும் முந்தி, வியாபாரக் கணக்கிலேயே மகமை என்று ஒரு பகுதியை எடுத்து எழுதிக் கோயிலுக்கும் விடுதிக்கும் பாடசாலைக்கும் ஊருணிக்கும் கொடுத்து வந்த பழக்கம் இங்கே உண்டு. லாபம் வரட்டும், பிறகு மனம் வந்தால் கொடுப்போம் என்று விடாமல், பேரேட்டிலேயே அதற்கு ஒரு கணக்கு வைத்தார்கள். பண ஆசை எங்கே தலைதூக்கும் என்பதை அறிந்து, அங்கேயே கட்டுப் போட்ட ஏற்பாடு இது. காசைத் தொடாதே என்ற உபதேசத்தை விட இது பல மடங்கு உருப்படியானது.

இன்னும் சில

ஏசு சொன்னது என்று மேற்கோள் காட்டுவதைத் தவிர்க்க வேண்டும். பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதாக வழங்கும் கடிதத்தில் வருவது இது. ஷேக்ஸ்பியர் என்று போடுவதும் தவறு. ஆங்கில இலக்கியத்தில் இதற்குப் புகழ்பெற்ற இடம் ஒன்று வேண்டுமானால் அது சாசரின் கேன்டர்பரி கதைகள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்டது. அதில் பாவமன்னிப்புச் சீட்டு விற்கும் ஒருவன் வருகிறான். ஊர் ஊராகப் போய் ‘பேராசையே தீமைகளின் வேர்’ என்று லத்தீனில் பிரசங்கம் செய்வான். கேட்டவர்கள் பயந்து தங்கள் காசை எல்லாம் அவனிடமே கொடுப்பார்கள். அதற்காகத்தான் பிரசங்கமே செய்கிறேன் என்று அவனே ஒப்புக்கொள்வான். அடுத்தவர் பணத்தைப் பழித்துப் பேசுகிறவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதற்கு இதை விடப் பழைய சாட்சி தேவையில்லை.

கடைசியாக ஒன்று. ‘பணம் இல்லாமைதான் எல்லாத் தீமைக்கும் வேர்’ என்று இந்தப் பழமொழியைத் திருப்பிப் போட்டு மடக்குகிறவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. வறுமையைப் போலத் துன்பம் தருவது வறுமையே என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறார். பசியும் கடனும் ஒரு குடும்பத்தை என்னவெல்லாம் செய்ய வைக்கும் என்பது தெரியாத ஊர் கிடையாது. ஆனால் அது இந்தப் பழமொழிக்குப் பதில் ஆகாது. பணம் கெட்டது என்று இது சொல்லியிருந்தால்தானே இல்லாமையைக் காட்டி மடக்க முடியும்? இல்லாதவருக்குக் கொடு என்று இருப்பவரிடம் கேட்கும் கடிதம் அது. தன் பணத்தைப் பிடித்துக்கொண்டு விட மறுக்கும் கையைத்தான் அது வேர் என்கிறது. அந்தக் கை கொஞ்சம் தளர்ந்திருந்தால் மற்றவரின் இல்லாமையில் பாதியாவது தீர்ந்திருக்கும்.